பாதியில் நிற்கும் தொட்டியும் ‘டெல்லி தரவில்லை’ என்ற பதிலும்

கேள்வி: 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் பகுதிக்கென்று கட்டத் தொடங்கிய 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, தூண்கள் எழும்பியதோடு நிற்கிறது. கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது. அருகில் உள்ள பலகையில் ‘15-வது நிதிக்குழு மானியம், 2023-24’ என்று எழுதியிருக்கிறது. ஒன்றியத்தில் கேட்டால், ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்கிறார்கள். தொலைக்காட்சியில் டெல்லிக்காரர்கள், ‘கொடுத்துவிட்டோம், கணக்குதான் வரவில்லை’ என்கிறார்கள். யார் சொல்வது உண்மை? ஒரு மாநிலம் இவ்வளவு தூரம் டெல்லியை நம்பியிருக்கலாமா? அந்தப் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது? நான் இப்போது உறுப்பினர் இல்லை. கேட்க எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வட மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உரிமை உண்டு. உறுப்பினர் பதவி போனாலும், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும்வரை நீங்கள் கிராம சபையின் உறுப்பினர். அந்தப் பதவிக்கு ஐந்தாண்டுக் கெடு கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குப் பதில் ஊராட்சியை நடத்தத் தனி அலுவலர் வந்தாலும் பறிபோகாது.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் ‘ஒன்றியம்’ இரண்டு முறை வருகிறது. ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகம், மற்றொன்று டெல்லி. ஒரு தணிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினால் என் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆகவே இந்தப் பதிலில் இரண்டாவதை டெல்லி அல்லது மத்திய அரசு என்றே எழுதுகிறேன். அதில் அரசியல் எதுவும் இல்லை, குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தணிக்கைத் துறையில் 34 ஆண்டு மாநிலக் கணக்குகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆளுக்குப் பாதி.

2021 ஜூலையிலிருந்து மத்திய அரசின் பங்களிப்புள்ள ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு முகமையின் பெயரில் ஒரே ஒரு வங்கிக் கணக்குதான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதிப்படி டெல்லி தன் பங்கை மொத்தமாகத் தராது. ஒரு முறைக்கு 25 சதவீதத்துக்கு மேல் இல்லை. வந்ததில் முக்கால் பங்கு செலவாகி, மாநிலமும் தன் பங்கை அந்தக் கணக்கில் போட்ட பிறகே அடுத்த தவணை. இப்போது ஒரு மாநிலம் கையில் பணம் இல்லாமல் தன் பங்கை மூன்று மாதம் தள்ளிப்போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணை வராது. மாநில அமைச்சர், ‘மத்திய அரசு பணம் தரவில்லை’ என்பார். சரிதான், வரவில்லை. டெல்லியில் இருப்பவர், ‘கொடுத்ததற்கே செலவுக் கணக்கு வரவில்லை’ என்பார். அதுவும் சரி. இடையில் ஒப்பந்ததாரர் பில் பாஸாகாமல் சிமெண்ட் மூட்டைகளை வேறு வேலைக்கு எடுத்துப் போயிருப்பார்.

உங்கள் தொட்டி இந்த வகையைச் சேர்ந்ததே அல்ல. அதை விளக்க, டெல்லியிலிருந்து வரும் பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ‘மத்திய அரசு பணம்’ என்று ஒரே பையில் போட்டுப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

முதலில் வரிப் பகிர்வு. வருமான வரி, மத்திய சரக்கு மற்றும் சேவை வரி, சுங்க வரி ஆகியவற்றில் மாநிலங்களுக்கு உரிய பங்கு. இது மானியமோ உதவியோ அல்ல, அரசமைப்புச் சட்டத்தின் 270-வது பிரிவு தரும் உரிமை. எவ்வளவு என்பதை ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதிக்குழு பரிந்துரைக்கும். 15-வது நிதிக்குழு, பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. அந்த 41-ல் தமிழ்நாட்டுக்கு அது தந்த பங்கு 4.079 சதவீதம். 13-வது நிதிக்குழுக் காலத்தில் இது 4.969 ஆக இருந்தது. இந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று டெல்லி கேட்க முடியாது. கேட்க வேண்டியது சட்டமன்றம்.

அடுத்தது நிதிக்குழு மானியம். உங்கள் பலகையில் இருப்பது இதுதான். இதுவும் நிதிக்குழு சொல்லி வருவதுதான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. 15-வது நிதிக்குழுவின் விதிப்படி, ஊராட்சிகளுக்கான தொகையில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் ஏற்ற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். மாநிலத்தின் கைக்கு வந்த பணம் 10 வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்குப் போய்ச்சேர வேண்டும், தாமதித்தால் மாநிலம் வட்டி கட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

மூன்றாவது திட்ட நிதி. வீடு, பள்ளி, சாலை என்று டெல்லி வகுத்த திட்டங்கள். பெரும்பாலானவற்றில் 60 பங்கு டெல்லி, 40 மாநிலம். வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. சண்டைகளில் பெரும்பகுதி இங்கேதான். சில நேரம் பெயர் ஒருவருடையதாகவும் பணம் இன்னொருவருடையதாகவும் இருக்கும். பிரதமர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் என்பது டெல்லியின் கணக்கு, அதில் அவர்கள் தருவது 72,000. அந்தத் தொகையில் கான்கிரீட் கூரை போட முடியாது என்று தமிழ்நாடு மேலும் 1.20 லட்சம் சேர்க்கிறது. ஆக 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் சென்னையின் பணம். வீடு இடிந்தால் யாரைக் கேட்பீர்கள்? பெயர் வைத்தவரையா, அதிகம் கொடுத்தவரையா? இருவரும் மற்றவரைக் கைகாட்ட இடம் இருக்கிறது. என் கவலை எப்போதும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

மாநிலம் இவ்வளவு நம்பியிருக்கலாமா என்ற கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லலாம். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். சொந்த வரி 2,20,895 கோடி, வரி அல்லாத வருவாய் 28,819 கோடி. டெல்லியிலிருந்து வரிப் பகிர்வாக 58,022 கோடி, மானியமாக 23,834 கோடி. கூட்டிப் பார்த்தால் நூறு ரூபாயில் 25-க்குச் சற்றுக் குறைவு. பீகாரில் இது தலைகீழ், நான்கில் மூன்று பங்கு அளவுக்கு டெல்லியிலிருந்து வருகிறது. ஆகவே தமிழ்நாடு டெல்லியின் கையைப் பார்த்து வாழ்கிறது என்பது மிகை. டெல்லி தராததால்தான் எதுவும் நடக்கவில்லை என்பதும் மிகை. நம் சொந்த வரி இரண்டு லட்சம் கோடியைத் தாண்டும்போது, ஒரு தொட்டிக்கு டெல்லியைக் காரணம் காட்டும் அலுவலரிடம் நான் கொஞ்சம் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பார்ப்பேன்.

டெல்லி மீது மாநிலங்கள் வைக்கும் குறை வெறும் கூச்சல் என்றும் நான் சொல்லமாட்டேன். செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வசூலாவது பகிர்வுக்கே வராது, டெல்லியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். மொத்த வரியில் 2011-12-ல் பத்தில் ஒரு பங்காக இருந்த இது, 2020-21 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டது. சோற்றுப் பானையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, குழம்பை வேறு சட்டிக்கு மாற்றுவது போன்ற வேலை.

இனி கணக்கு விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ‘யார் கணக்குக் கேட்பது?’

டெல்லி பணத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் கணக்குக்குப் பெயர் பயன்பாட்டுச் சான்றிதழ். யு.சி. என்பார்கள். இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவானது, எந்தக் காரியத்துக்காக வந்ததோ அதற்கே செலவானது என்று ஓர் அதிகாரி கையெழுத்திடும் ஒற்றைத் தாள். நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் போய்ச்சேர வேண்டும்.

1990-களின் கடைசியில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சோதனைத் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். மே மாதம், மின்விசிறி சுற்றினாலும் பயனில்லாத வெயில். தொகுப்பு வீடுகளுக்கான யு.சி. சுத்தமாக இருந்தது. மார்ச் 31 நிலவரப்படி நூற்றுக்கு நூறு செலவு. ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போனது. ஆனால் வங்கிப் பாஸ்புத்தகத்தில் பணம் குறையவே இல்லை. எழுத்தரிடம் கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்ட காசோலைகள். எல்லாம் மார்ச் 31 தேதி, எல்லாவற்றிலும் பயனாளிகள் பெயர், ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. ‘பணம் திரும்பிப் போய்விடும் சார், அதனால் எழுதி வைத்துவிட்டோம்’ என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. ஊருக்கு வந்த பணத்தைக் காப்பாற்றிய நிம்மதிதான் இருந்தது. மறுநாள் அந்த வீடுகளைப் பார்க்கப் போனோம். சுவர் இடுப்பளவு நின்றிருந்தது. ஒரு மூதாட்டி அந்த அரைச் சுவரோடு தார்ப்பாயைக் கட்டி அதற்குள் சமைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூரை போட வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு எங்களுக்கு மோர் கொடுத்தார்.

அந்தக் காசோலைகளில் ஒரு ரூபாய்கூடத் திருடப்படவில்லை. இருந்தும் அந்தச் சான்றிதழ் பொய். டெல்லியில் அதைப் பெற்றவர் கோப்பில் சேர்த்து அடுத்த தவணையை விடுவித்திருப்பார். அவருக்கு வேண்டியது தாள், இவருக்கு வேண்டியது தவணை. மூதாட்டிக்கு வேண்டிய கூரை இருவர் மேசையிலும் இல்லை. இன்று காசோலைகள் போய் எல்லாம் கணினி வழிப் பரிமாற்றம் ஆகிவிட்டது, பீரோவில் கட்டி வைக்க முடியாது. பணம் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் நிற்கிறது என்று டெல்லியில் இருந்தே பார்க்கலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பணம் நகர்ந்ததைத்தான் கணினி காட்டும், சுவர் எழுந்ததைக் காட்டாது.

கணினி வந்த பிறகும் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ல் நம் மாநிலத்தில் நடந்ததே சாட்சி. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டம் முழுக்க முழுக்க டெல்லியின் பணம், நேராக வங்கிக் கணக்குக்குப் போவது. தகுதியைச் சரிபார்ப்பது மட்டும் மாநில அலுவலர்களின் பொறுப்பு. கொரோனா காலத்தில் அலுவலர்களின் கடவுச்சொற்கள் கணினி மையக்காரர்கள் கைக்கும் இடைத்தரகர்கள் கைக்கும் போயின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று வட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் விவசாயிகள் ஆனார்கள். ஏறத்தாழ ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள், சுமார் 110 கோடி ரூபாய். சி.பி.சி.ஐ.டி. விசாரணையும் பணத்தைத் திரும்பப் பிடிப்பதும் பிறகு நடந்தன. மாநிலக் கருவூலத்திலிருந்து போகும் பணமாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் சேரும்வரை ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்குமா என்று நான் அப்போது கேட்டுக்கொண்டேன். தூரத்திலிருந்து வரும் பணத்தைக் கொடுப்பவர், பெறுபவர் சரிபார்ப்பார் என்று நினைக்கிறார். பெறுபவருக்கோ அது தன் பையிலிருந்து போகாத பணம்.

இதற்கு டெல்லிக்குத் தெரிந்த ஒரே மருந்து குழாயை மூடுவது. அது வேலை செய்யாது என்பது என் திடமான கருத்து.

மேற்கு வங்கத்தைப் பாருங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் முறைகேடு என்று புகார். புகாரில் உண்மை இருந்தது, சில மாவட்டங்களில் முறைகேடாகப் போன பணம் திரும்ப வசூலும் ஆனது. ஆனால் அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவைக் காட்டி 2022 மார்ச்சில் மாநிலம் முழுமைக்கும் நிதி நிறுத்தப்பட்டது. தவறு செய்தவர் அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். மண் வெட்டியவர்தான் கூலி இல்லாமல் இருந்தார். நிபந்தனை எதை வேண்டுமானாலும் விதியுங்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் வேலையைத் தொடங்குங்கள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல். முறைகேடு செய்தவரைப் பிடிக்க அவ்வளவு காலமா?

நம் மாநிலத்தில் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2024-25-ல் சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதில் கணக்குப் பிரச்சினையே இல்லை. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை, அதுதான் காரணம். வழக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த நிதியை நம்பியிருந்த, தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீதச் சேர்க்கை அந்த ஆண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். ஆனால் இதைக் கண்காணிப்பு என்று யாரும் பெயர் சூட்ட வேண்டாம். கணக்கைப் பார்த்துத் தவறு கண்டு நிறுத்துவது ஒன்று, கையெழுத்துக்காக நிறுத்துவது வேறு ஒன்று.

கண்காணிக்க வேண்டியவர் டெல்லியாக இருக்கும்போது டெல்லியை யார் கண்காணிப்பது என்று நீங்கள் கேட்கலாம். ஜி.எஸ்.டி. வந்தபோது, மாநிலங்களின் இழப்பை ஈடுகட்டவென்றே ஒரு செஸ் விதித்தார்கள். 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வசூலான அந்தச் செஸ்ஸில் 47,272 கோடி ரூபாயை, அதற்குரிய நிதியில் சேர்க்காமல் மத்திய அரசு தன் தொகுப்பு நிதியிலேயே வைத்துக்கொண்டது. சொன்னது எந்த எதிர்க்கட்சியும் அல்ல, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஒரு ஒன்றிய எழுத்தர் குடிநீர்க் கணக்குப் பணத்தைப் பொதுக் கணக்கில் வைத்திருந்தால் நாங்கள் அவருக்கு எழுதியிருக்கும் தணிக்கைத் தடையின் அளவை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் துறையையும் விடக்கூடாது. மாநிலக் கணக்குகள் மீதான தணிக்கை அறிக்கை ஆளுநருக்குப் போகும், அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. எத்தனை நாளில் என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதம் முடிந்த பிறகு மேசையில் வைத்தாலும் சட்டப்படி சரி. பிறகு அதை ஆராய்வது சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பது மரபு. நல்ல மரபு, ஆனால் குழுவுக்கு முன் தணிக்கை அறிக்கைப் பத்திகள் மலைபோல் குவிந்திருக்கும். நான் எழுதிய ஒரு பத்திக்குத் துறையின் விளக்கக் குறிப்பு வந்தபோது, அந்தப் பணியைச் செய்த பொறியாளர் ஓய்வு பெற்றிருந்தார், பாலம் ஒரு முறை பழுதுபார்க்கப்பட்டிருந்தது, நான் மூன்று பதவி உயர்வு வாங்கியிருந்தேன்.

ஆகவே, மேலிருந்து வரும் எந்தக் கண்ணும் உங்கள் தெருவுக்கு வந்துசேரக் காலம் பிடிக்கும். நான் நம்புவது பக்கத்தில் இருக்கும் கண்ணைத்தான். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு, ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. எங்கள் ஆட்களில் பலர் அதை ஏளனமாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு முறை அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகு பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் இருந்த ஒரு பெயரைப் படித்ததும், ‘அவர் செத்து ஒரு வருஷம் ஆகிறதே’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரமும் ஓர் இறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டிருக்கும். மேகாலயா 2017-ல் தனிச் சட்டமே போட்டு, மற்ற அரசுத் திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையை விரித்தது. நம் மாநிலம் ஏன் செய்யவில்லை என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டத்தில் செலவு 60-க்கு 40 என்று ஆகியிருக்கிறது. கூலி முழுவதும் டெல்லியுடையது என்ற பழைய ஏற்பாடு போய், மாநிலத்தின் பை நேரடியாகக் குறையப்போகிறது. இனிமேலாவது சென்னைக்கும் அந்தப் பதிவேடுகள் மேல் அக்கறை பிறக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் மானியம் இல்லை என்பது நிதிக்குழுவின் நிபந்தனை. தேர்தல் நடத்தாதது டெல்லியின் தவறு அல்ல. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை இதே கதை நடந்து, அப்போதும் உள்ளாட்சி மானியம் முடங்கியது. ஆக, 2025 ஜனவரிக்குப் பிறகு எடுத்த வேலைக்கு ‘டெல்லி தரவில்லை’ என்றால், ஏன் தரவில்லை என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் பலகையில் இருப்பதோ 2023-24. அப்போது நீங்களே மன்றத்தில் இருந்தீர்கள். அந்தக் காரணம் இந்தத் தொட்டிக்குப் பொருந்தாது. ஆவணத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது என் வழக்கமில்லை, ஆனால் ‘பணம் வரவில்லை’ என்ற பதிலை மட்டும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம்.

முதலில் பலகையைப் புகைப்படம் எடுங்கள். மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய தேதி, ஒப்பந்ததாரர் பெயர் தெளிவாகத் தெரியட்டும். மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள், இந்தப் பலகைகளின் எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும். பிறகு ஈ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடி, அந்த ஆண்டின் வரவையும் வேலைப் பட்டியலையும் பாருங்கள். செல்பேசியிலேயே பார்க்கலாம், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆடிட் ஆன்லைன் என்று இன்னொரு தளம் உண்டு. தணிக்கை அறிக்கை ஏற்றப்பட்டிருந்தால் அங்கே இருக்கும்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். ‘தொட்டி ஏன் நிற்கிறது?’ என்று கேட்காதீர்கள். ஏன் என்று கேட்டால் விளக்கம்தான் வரும், விளக்கத்துக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. தாளைக் கேளுங்கள். நிர்வாக அனுமதி ஆணை, வேலை உத்தரவு, இதுவரை போட்ட பில்கள், 2023-24-க்கான மானியம் ஊராட்சிக் கணக்கில் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு வரவானது என்பதற்கான வங்கிக் கணக்கு நகல், அந்த ஆண்டுக்கு அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ். முக்கியமாக, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் இந்த வேலைக்கான பக்கங்கள். எம்-புக் என்று எழுதினால் அவர்களுக்கு உடனே புரியும், நீங்கள் விவரம் தெரிந்தவர் என்பதும் புரியும். வரவுத் தேதி கையில் வந்ததும், நான் குறித்துவைக்கச் சொன்ன 10 நாள் விதியை எடுங்கள். டெல்லி மாநிலத்துக்கு விடுவித்த தேதிக்கும் உங்கள் ஊராட்சிக்கு வரவான தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பார்த்தால், ‘தரவில்லை’ என்பது யாரைக் குறிக்கிறது என்று தெளிவாகும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. காகிதம் மட்டுமல்ல, வேலை நடந்த இடத்தையும் ஆய்வு செய்ய, கட்டுமானப் பொருளின் மாதிரியைச் சான்றிட்டுப் பெற, உங்களுக்கு உரிமை உண்டு. தூணின் சிமெண்ட் கலவை நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறதென்றால் அந்தப் பிரிவைப் பயன்படுத்துங்கள். உதிரவில்லையென்றால் ஒப்பந்ததாரரிடமும் போய்ப் பேசுங்கள். எத்தனையோ முறை பாதி உண்மை அவரிடம்தான் இருந்திருக்கிறது, பில்லை எங்கே நிறுத்தினார்கள் என்று தேதியோடு சொல்வார்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் காலத்திலும் கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30-ல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. தனியாகப் போக வேண்டாம். உங்கள் தெருவில் குடம் தூக்கும் பத்துப் பெண்களோடு போங்கள். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். வாயால் சொன்ன பதில் தணிக்கைக்கு ஆகாது. தீர்மானத்தில் ஏறிய கேள்விக்கு, அடுத்து வரும் தணிக்கையாளர் பதில் தேடியே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மானியம் முழுவதும் வந்திருந்து, பில்லும் முறையாகப் போடப்பட்டு, இரும்பு விலை ஏறியதால் மதிப்பீடு போதாமல் வேலை நின்றிருக்கவும் கூடும். அப்படியானால் அங்கே திருடர் யாரும் இல்லை, திருத்திய மதிப்பீட்டுக்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. கோபத்தை அதற்குள் முழுவதும் செலவழித்துவிடாதீர்கள்.

எம்-புக் நகல் கைக்கு வந்ததும், புரியாத பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். ஓவர்சியர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்துத்தான் என் கண்ணாடியின் பவர் ஏறியது.